டாக்டர் பார்ன்ஸைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

ஆபரேஷன் தியேட்டரில் நடந்ததைப் பற்றிய விசாரணை முடியும்வரை, மயக்க மருந்து கொடுக்க உனக்குப் பெரிய கேஸ் எதுவும் தரமாட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து மனசில் ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'கிரீன் ஃபார் டேஞ்சர்'. 1946-இல் சிட்னி கில்லியட் எடுத்த இங்கிலாந்துத் துப்பறியும் படம். முதல் சாவு நடப்பது ஆபரேஷன் டேபிளில். முதலில் எல்லோர் கண்ணும் போவது மயக்க மருந்து கொடுத்தவர் மேல்.

கதை நடப்பது 1944 ஆகஸ்டில், இங்கிலாந்துக் கிராமப்புறத்து ஆஸ்பத்திரி ஒன்றில். ஜெர்மனி ஏவும் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். இரைச்சல் கேட்கிற வரைக்கும் பரவாயில்லை, அது சட்டென்று நின்றால்தான் விழப்போகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு குண்டில் அடிபட்டு ஹிக்கின்ஸ் என்ற தபால்காரர் வருகிறார். பிழைக்க முடியாத கேஸ் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் டாக்டர் பார்ன்ஸ், நடிகர் டிரெவர் ஹோவர்ட்.

நீ கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நோயாளியின் நிறம் மாறுகிறது. பார்ன்ஸ் நீயும் நானும் செய்வதைத்தான் செய்கிறார், ஆக்ஸிஜனைக் கூட்டுகிறார். நிலைமை இன்னும் மோசமாகிறது. மேலும் கூட்டுகிறார். ஆள் போய்விடுகிறார். யார் செய்தது என்பதைச் சொல்லமாட்டேன், எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்: அந்த சிலிண்டரில் இருந்தது கார்பன் டை ஆக்ஸைடு. அந்த வாயுவுக்குரிய பச்சை சிலிண்டருக்கு யாரோ ஆக்ஸிஜனுக்குரிய கறுப்பையும் வெள்ளையையும் பூசி வைத்திருக்கிறார்கள். காப்பாற்றத் திருகிய கையாலேயே சாவு. பார்ன்ஸின் கை சரியாகத்தான் வேலை செய்தது, பாப்பா.

ஆனால் அது தெரியவருவதற்குள் அவர் படும் பாடு! முன்பு ஒருமுறை அவரிடம் ஒரு நோயாளி மயக்கத்திலேயே இறந்திருக்கிறார். அந்தப் பழைய பேச்சு மறுபடி கிளம்பிவிடுகிறது. உன்னைக் கண்டதும் டியூட்டி ரூமில் பேச்சு நிற்கிறது என்றாயே, அந்த மௌனத்தை டிரெவர் ஹோவர்டின் முகத்தில் பார்க்கலாம்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் காக்ரில் வருகிறார். அலஸ்டேர் சிம் அற்புதமாகச் செய்திருக்கிறார். மகா புத்திசாலி, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. படுக்கையில் துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருப்பார், குற்றவாளி யாரென்று கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார், தப்பாகிவிடும். படம் முழுக்க அவர் மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையாகவே நகர்கிறது. தான் எங்கே சறுக்கினேன் என்பதையும் அதில் எழுதுகிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். விசாரிப்பவர்கள் எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் மயக்க மருந்து மெஷினில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் 2, 5 என்ற எண்ணுள்ள இடங்களில் 'பின்' என்ற சிறு முளைகள் இருக்கும், அதனால் வேறு வாயு சிலிண்டர் அங்கே உட்காராது. மானிட்டர் ஒவ்வொரு மூச்சையும் பதிவு செய்கிறது. பார்ன்ஸிடம் அதெல்லாம் இல்லை, கண்ணும் கையும்தான். உன்னிடம் இருக்கிறது. அந்தப் பதிவு, மருந்து கொடுத்த நேரம், யாரை எப்போது கூப்பிட்டாய், எல்லாவற்றையும் நிமிஷ வாரியாக, நினைவு மங்குவதற்குள் எழுதி வை. கேட்டதற்கு மட்டும், தெரிந்ததை மட்டும் சொல். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக நான் இருந்த காலத்தில், குற்றமே செய்யாத டாக்டர்கள் பயத்தில் வளவளவென்று பேசிச் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டை மட்டும் ரூமுக்கு எடுத்துப் போகாதே. எல்லோரோடும் உட்கார்ந்தே சாப்பிடு, அவர்கள் பேசாவிட்டாலும் சரி.

படம் ஒன்றரை மணி நேரம்தான். இன்ஸ்பெக்டர் எல்லோரையும் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கூட்டிவந்து அதே ஆபரேஷன் போல ஒன்றை நடத்துவார். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் போடு. உன் சந்தேகம் யார் மேல் என்று சொல்லிவிட்டு மீதியைப் பார்.

அன்புடன்,
அம்மா