குடல் எரிச்சல் நோய்: மருந்து உறையில் எழுதப்படாதவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை பிடித்ததும் வயிற்றுப்போக்குச் செய்திகள் நாளிதழ்களில் வரத் தொடங்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். நல்லதுதான். ஆனால் அதெல்லாம் நாலு நாளில் அடங்கிவிடுகிற பேதிக்கு. சாப்பிட்ட இலையை எடுப்பதற்குள் வயிறு முறுக்கி, கொல்லைக்கு ஓடி, போய்வந்ததும் வலி தணிந்து, மறுநாள் காலை காப்பி குடித்ததும் மறுபடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இது இழுக்கிறது. டாக்டர் சீட்டில் இதை ஐ.பி.எஸ்.-டி என்று எழுதுவார்; வயிற்றுப்போக்கு மிகுந்த குடல் எரிச்சல் நோய். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரத்தில் மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள் சிலர் இதை எழுதுகிறோம். இந்த நோய்க்குத் தரப்படும் மாத்திரைகளை எதற்காக, எந்த நேரத்தில், எத்தனை நாள் சாப்பிடுவது என்பது வாங்கிச் செல்பவர் பலருக்குத் தெரிவதில்லை. பாதி மருந்து அதனாலேயே வேலை செய்யாமல் போகிறது.

முதலில், இது அந்த நோய்தானா? குடல் நிபுணர்கள் உலக அளவில் பின்பற்றும், 2016-ல் வந்த ரோம் 4 வரையறைப்படி, கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலிக்கும் மலம் கழிப்பதற்கும் தொடர்பு, மலம் போகும் எண்ணிக்கையில் மாற்றம், மலத்தின் பதத்தில் மாற்றம், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வலியோடு சேர்ந்து இருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாமல் வெறுமனே தண்ணியாகப் போனால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைதல், ரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது, நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் கடைக்கு வராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல் காசநோயும் அமீபாவும் ஜியார்டியாவும் நம் பக்கத்தை விட்டு இன்னும் போய்விடவில்லை. ரத்த அணுக்கள், தைராய்டு, மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கால்புரொடெக்டின் மலத்தில் இருக்கிறதா என்ற சோதனை, கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, இவ்வளவு முடிந்தால் பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த மாத்திரையே வயிற்றைக் கலக்கும். மாத்திரை தொடங்கிய தேதியையும் பேதி தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல வீடுகளில் விடை கிடைத்துவிடும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் வந்த பிறகு சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது; ஆனால் வயிறு எப்படி இருக்கிறது என்று மாத்திரை கொண்டுவருகிறவரிடம் சொன்னால்தானே தெரியும்? தானாக நிறுத்த வேண்டாம். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகைக்கு மாற்றலாமா, சாப்பாட்டின் நடுவில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். மெக்னீசியம் சேர்ந்த அசிடிட்டி மருந்தும், சர்பிட்டால் சேர்ந்த ‘சுகர் ஃப்ரீ’ தின்பண்டமும் இதே வேலையைச் செய்யும். வயிற்றுவலிக்கென்று கேட்டு வாங்குகிற மெஃபெனமிக் அமிலக் கூட்டு மாத்திரையைச் சொல்லாமல் விட முடியாது: வலி குறையும், ஆனால் மெஃபெனமிக் அமிலமே பேதியை உண்டாக்கக் கூடியது!

இனி மருந்துகள். அதிகம் விற்பது லோபரமைடு, 2 மி.கி. குடலின் அசைவைத் தணித்து நீரை உறிஞ்ச நேரம் தருவது இதன் வேலை. அவசரமும் எண்ணிக்கையும் குறையும்; வலிக்கும் உப்புசத்துக்கும் இதனால் பெரிய பயன் இல்லை. போன பிறகு போடுகிற மாத்திரையாகவே இதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இந்த நோயில் முன்கூட்டிப் போடுவதுதான் பலன் தரும். நடவுக்குப் போகும் பெண்கள் வயலில் மறைவிடம் இல்லை என்பதற்காகக் காலையில் பட்டினி கிடந்து வெயிலில் குனிந்து நிற்கிறார்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரையும் இரண்டு இட்லியும் அதைவிட மேல். பஸ் கண்டக்டருக்கும், கல்யாண மண்டபத்துக்குக் கிளம்புகிறவருக்கும் இதே கணக்குதான். டாக்டர் மேற்பார்வையில் ஒரு நாளைக்கு 16 மி.கி. வரை போகலாம், தானாகச் சாப்பிடுகிறவர் 8 மி.கி.யை, அதாவது நாலு மாத்திரையைத் தாண்டக் கூடாது. அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. மலம் போகாமல் வயிறு ஊதினால் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடவே கூடாது. கிருமியையும் நச்சையும் உள்ளே பூட்டி வைப்பதாகிவிடும். சின்னக் குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கமும் இன்னும் இருக்கிறது. கூடவே கூடாது.

வலிதான் முதல் தொல்லை என்றால் குடல் இறுக்கம் தளர்த்தும் மருந்து. மெபெவெரின் 135 மி.கி. என்றால் தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால். சாப்பிட்டதும் குடல் சுருங்கத் தொடங்குவதால்தான் இந்த முன்னேற்பாடு. இலையில் கை கழுவிவிட்டு விழுங்கினால் பாதிப் பலன் போயிற்று. 200 மி.கி. காப்ஸ்யூல் மெதுவாகக் கரைவது, தினம் இரண்டு வேளை போதும், திறந்து தண்ணீரில் கலக்கக் கூடாது. பெப்பர்மின்ட் எண்ணெய்க் காப்ஸ்யூலை மென்றால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். டைசைக்ளோமினும் கேட்கும், ஆனால் அது நாக்கை வறட்டும், வியர்வையைக் குறைக்கும். சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நிற்கிறவருக்கு வியர்வை நின்றால் உடம்புச் சூடு ஏறி மயக்கம் வரும்; கோடையில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் மதிய வேலையைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது நாங்கள் அதிகம் கவலைப்படுகிற மாத்திரை. குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. ‘அந்த வயித்து மாத்திரை ஒரு அட்டை’ என்று பெயர் சொல்லாமலே கேட்கிறார்கள். சாப்பிட்டால் வயிறும் அடங்கும், மனசும் அடங்கும், தூக்கமும் வரும். காரணம் குளோர்டயசெபாக்சைடு. டயசெபாம் குடும்பத்தைச் சேர்ந்த, பழக்கமாகிவிடும் மருந்து அது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதியதை ஐந்து வருடமாகத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதானவர் ராத்திரி எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுவார், மறதி கூடும், சிறுநீர் அடைக்கும். அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, படபடப்பு, கைநடுக்கம், சிலருக்கு வலிப்பு. டாக்டரிடம் சொல்லி, வாரக்கணக்கில் அளவைக் குறைத்துத்தான் விட வேண்டும். சட்டப்படி குளோர்டயசெபாக்சைடு 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணை மருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடை வாடிக்கையாளருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு குற்றம் செய்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறோம்.

ரிஃபாக்சிமினுக்கு நேர்மாறான சிக்கல். அங்கே தொடர்ந்து சாப்பிடுவதைக் காட்டிலும் பாதியில் விடுவதுதான் அதிகம். இது குடலிலேயே தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாடிக். ரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே கலக்கும். அமெரிக்காவில் இந்த நோய்க்கு 2015-ல் அனுமதி கிடைத்தது. அளவு 550 மி.கி. வீதம் தினம் மூன்று வேளை, 14 நாள். கூட்டிப் பாருங்கள், 42 மாத்திரை. விலையும் கூடுதல். அதனால் பத்து மாத்திரை அட்டை ஒன்றை வாங்கி, மூன்று நாளில் ‘கேட்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள். முழுச் செலவுக்கு வழியில்லை என்றால் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேட்பது மேல். முழுதாகச் சாப்பிட்டாலும் எல்லோருக்கும் கேட்காது: 2011-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 32 பேருக்கும் குணம் தெரிந்தது. ஒன்பது பேர் வித்தியாசம். இதைத் தெரிந்துகொண்டு செலவு செய்யட்டும். மறுபடி தொந்தரவு வந்தால் இன்னும் இரண்டு முறை வரை இதே 14 நாள் சுற்றைத் தரலாம். ஈரல் நோயாளிக்கும் இதே 550 மி.கி. மாத்திரைதான், ஆனால் தினம் இரண்டு, மாதக்கணக்கில். வீட்டில் இருக்கிறதே என்று ஒருவர் மாத்திரையை இன்னொருவர் எடுத்துப் போடக் கூடாது.

ரிஃபாக்சிமின் ஆன்டிபயாடிக் என்பதால் எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கும் என்று நினைப்பது பெரும் தவறு. நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல், ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரைகள் வயிறு என்றதுமே கவுண்டரில் எடுத்து நீட்டப்படுகின்றன. குடல் எரிச்சல் நோயில் கொல்ல வேண்டிய கிருமி எதுவும் இல்லை. நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழிந்து, வயிறு முன்னைவிட மோசமாவதுதான் நடக்கும்.

ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தால் ‘இது மனநோய் மாத்திரையாமே’ என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மனச்சோர்வுக்குத் தரும் அளவு பொதுவாக 75 மி.கி.யும் அதற்கு மேலும். இங்கே 10-ல் தொடங்கி 30-க்குள் நிற்கும். குடல் நரம்பின் வலி உணர்வைத் தணிப்பதும், குடல் ஓட்டத்தை மெதுவாக்குவதுமே நோக்கம். இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், இந்தச் சிறு அளவே ஆறு மாதத்தில் வெற்று மாத்திரையைவிட நன்றாகக் கேட்டது. ஆனால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது, நாக்கு மட்டும் வறளும். நாலு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். படுக்கும் நேரத்தில் போடாமல் எட்டு மணிக்கே போட்டால் காலை மந்தம் குறையும். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

வாந்திக்குத் தரும் ஆண்டன்செட்ரான் 4 மி.கி.யைச் சில குடல் நிபுணர்கள் எழுதுகிறார்கள். கடைக்காரர் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். மலத்தை இறுக்கும், அவசரத்தைக் குறைக்கும், வலிக்கு உதவாது. இதே குடும்பத்து அலோசெட்ரான் 2000-ல் அமெரிக்காவில் வந்து, குடலுக்கு ரத்த ஓட்டம் குறையும் ஆபத்தால் அதே ஆண்டே திரும்பப் பெறப்பட்டு, 2002-ல் கடும் நோயுள்ள பெண்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு திரும்பி வந்தது.

பித்தப்பை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்களின் பேதிக்குப் பெரும்பாலும் பெருங்குடலில் இறங்கும் பித்தநீர்தான் காரணம். கொலஸ்டிரமின் 4 கிராம் பொட்டலம் அதற்கு நன்றாகக் கேட்கும். ஆனால் அது மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும்: தைராய்டு மாத்திரை உட்பட எதுவானாலும் அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எலக்சடோலின் என்ற மாத்திரையை அனுப்பினால் இவர்கள் அதைத் தொடக் கூடாது. கணைய அழற்சி வரும் என்று 2017-லேயே எச்சரிக்கை வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே செய்தி. அரிசிச் சோறு இந்த நோய்க்கு ஒத்துக்கொள்வது. சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறியவருக்கு உப்புசம் கூடினால் கோதுமையைச் சந்தேகிக்கலாம். சின்ன வெங்காயமும் பூண்டும் சாம்பாரிலும் ரசத்திலும் கரைந்து வயிற்றில் வாயுவைக் கிளப்பும். அவற்றில் வாயுவைக் கிளப்பும் சத்து எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை நிற்கும், தொல்லை வராது. டிகிரி காப்பியை விடச் சொன்னால் கும்பகோணத்தில் யார் கேட்பார்கள்? வெறும் வயிற்றில் வேண்டாம், பாலைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிப் பார்க்கிறோம்.

கடைகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாத்திரை போட்டுக் கொடுக்கும் உறையில் 1-0-1 என்று மட்டும் கிறுக்கிக் கொடுக்கிறோம். ‘சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்’, ‘14 நாள், பிறகு நிறுத்தவும்’, ‘ஒரு மாதம் பொறுக்கவும்’, ‘நாளுக்கு நாலுக்கு மேல் வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்து எழுத அரை நிமிடம் ஆகாது. நோயாளிகளும் டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல், இரண்டு வாரம் எத்தனை மணிக்கு எத்தனை முறை போனது, கெட்டியா கூழா தண்ணியா, வலி முன்னாலா பின்னாலா என்று ஒரு நோட்டில் குறித்து, வீட்டில் சாப்பிடும் அத்தனை மாத்திரை அட்டைகளையும், லேகியம், சூரணம் இருந்தால் அவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லட்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
கும்பகோணம்.