மைனிக்கு, திங்கட்கிழமைக்கு முன்னாடி

மைனி,

வடசேரி பக்கம் ஒரு யோகா கிளாஸ்ல சேரப் போறீங்கன்னு அம்மை சொன்னாங்க. சந்தோஷம். உண்மையாவே சந்தோஷம். என்கிட்ட சொல்லலியேங்கிற வருத்தமும் இருக்கு, அது இருக்கட்டும். போன்ல கூப்பிட்டா பிள்ளைங்க பரீட்சையைப் பேசிட்டு வச்சிருவோம். அதான் எழுதுறேன். முதல் தடவை போற வேற யாருக்காவது உதவட்டுமேன்னு பொதுவுல போடுறேன். நம்ம ஆளுங்களும் படிப்பாங்க, அதனால சிலதைச் சொல்லாம விடுறேன்.

காலையில ஆறு மணி கிளாஸ்னா வெறும் வயித்தோட போங்க. கட்டன் சாயா இல்லாம உங்களுக்கு முடியாது, அரை மணிக்கூர் முன்னாடி அரை கிளாஸ் குடிங்க. சாயங்காலம்னாதான் கணக்குப் பார்க்கணும். மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டா மூணு நாலு மணிக்கூர் கழியணும். ஒரு பழம்னா ஒரு மணிக்கூர் போதும். குனியும்போதும் முறுக்கும்போதும் வயிறு அமுங்கும், நிறைய சாப்பிட்டிருந்தா எதுக்களிச்சு நெஞ்சு எரியும். அம்மையையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா ஒண்ணு மறக்காதீங்க: சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ போடுறவங்களுக்கு இந்த வெறும் வயித்துக் கணக்கு அப்படியே ஒத்துவராது. சர்க்கரை சட்டுன்னு இறங்கி வேர்க்கும், கை நடுங்கும். முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க, பையில குளுக்கோஸ் வச்சுக்கோங்க.

லூசான டாப்ஸ் போட்டா தலை கீழ போறப்போ முகத்துல வந்து விழும். சாக்ஸ் வழுக்கும். வளையலைக் கழட்டிருங்க.

முதல் வரிசையில உட்காராதீங்க, கடைசி மூலையும் வேண்டாம். திரிகோணாசனத்துக்குப் பக்கவாட்டுல திரும்புறப்போ ஓரத்துல நிக்கிறவங்களுக்குப் பார்த்துச் செய்ய முன்னால ஆள் இருக்காது. நடுவுல நின்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தர் கண்ணுல படுவாங்க.

பத்து நிமிஷம் முன்னாடியே போங்க. அது மேட் விரிக்கிறதுக்கு இல்ல, டீச்சர்கிட்ட தனியா நாலு வார்த்தை பேசுறதுக்கு. பிரஷர், கண் அழுத்தம், குடலிறக்கம், முதுகெலும்பு டிஸ்க், கிட்டத்துல செஞ்ச ஆபரேஷன், கர்ப்பம், எது இருந்தாலும் சொல்லணும். பிரஷர் இருக்கிறவங்க மூச்சை அடக்கக் கூடாது, மூச்சை வேகமா வெளிய தள்ளுற கபாலபாதியும் செய்யக் கூடாது. கிளாக்கோமா, அதான் அந்தக் கண் அழுத்த நோய், இருந்தா சிரசாசனம் மட்டுமில்ல, கையையும் காலையும் ஊன்றி இடுப்பை மேல தூக்குற அதோமுக ஸ்வானாசனத்துல நிக்கிறதுகூட கண்ணுக்குள்ள அழுத்தத்தைக் கூட்டும். படிவத்துல எழுதக் கூச்சமா இருந்தா காதுல சொல்லுங்க. அன்னிக்கு நான் எடுத்த கிளாஸ்ல நீங்க எதை எழுதாம விட்டீங்கன்னு இங்க சொல்ல மாட்டேன். ஆனா எழுதியிருந்தீங்கன்னா நான் அப்படி...

இல்ல மைனி. எழுதாட்டியும் நான் செஞ்சது தப்புதான்.

பச்சிமோத்தானாசனம். காலை நீட்டி உட்கார்ந்து குனிஞ்சிருந்தீங்க. விரலுக்கும் கால் பெருவிரலுக்கும் நாலு விரற்கடைதான் பாக்கி. உங்க இடுப்புக்கு மேல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அழுத்தினேன். முட்டிக்குப் பின்னால சதை நடுங்கிச்சு. நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டீங்க, அது என் கைக்கே தெரிஞ்சுது. அப்பவே எடுத்திருக்கணும். "இன்னும் கொஞ்சம்"னேன்.

தொடைக்குப் பின்னால ஓடுற தசை, நாம உட்கார்ற எலும்புல இருந்து தொடங்குது. நாள் பூரா தையல் மிஷின் முன்னாடி உட்கார்றவங்களுக்கு அது இறுகித்தான் இருக்கும். இறுகினா இடுப்பு முன்னால சரியாது, அதுக்குப் பதிலா கீழ்முதுகு வளையும். அந்த நேரம் மேல இருந்து அழுத்தினா, ஒண்ணு அந்தத் தசை எலும்புல ஒட்டுற இடத்துல இழுத்துக்கும், இல்லாட்டி பாரம் பூரா டிஸ்க்ல இறங்கும். இதைப் படிச்சவதான் நான். நாலு பேர் பார்க்கிறப்போ என் மைனி பெருவிரலைத் தொட்டுரணும்னு ஒரு ஆசை. வேற காரணம் எதுவும் இல்ல.

அதனால அங்க யார் முதுகுல கை வச்சாலும், "அழுத்தாதீங்க"ன்னு சொல்லுங்க. நல்ல டீச்சர் கேட்டுட்டுத்தான் தொடுவாங்க. பெட்ஷீட்டை நாலா மடிச்சு அதோட விளிம்புல உட்காருங்க, இடுப்பு தானா முன்னால சரியும். முட்டியை மடக்கிக்கோங்க. துப்பட்டாவைப் பாதத்துல சுத்திப் பிடிச்சுக்கிட்டு, தொப்புளைத் தொடைப் பக்கம் கொண்டு போங்க. நெத்தி முட்டியில படணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

இவ்வளவும் என் தப்புதான். ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில, "யோகாக்குப் போனா நடு ஒடிஞ்சிரும்"னு நீங்க சொன்னது எனக்கு இன்னும் ஆறல. என் பேரைச் சொல்லல, சரிதான். அங்க இருந்த யாருக்குத் தெரியாது மைனி? வீட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேரா திட்டியிருந்தா நான் காலைப் பிடிச்சிருப்பேன்.

அதோமுக ஸ்வானாசனத்துல குதிகால் தரையில படலைன்னு வருத்தப்படாதீங்க. முட்டியை மடக்கி, முதுகை நீட்டினா போதும். விரலை நல்லா விரிச்சு, ஆள்காட்டி விரலோட அடிப்பகுதியைத் தரையில அழுத்துங்க. உள்ளங்கையோட அடியில பாரம் இறங்கினா மணிக்கட்டு வலிக்கும். நம்ம ஊரு ஈரக்காத்துக்கும் வேர்வைக்கும் கை வழுக்கும், ஒரு துவர்த்துத் துண்டை லேசா நனைச்சு விரிச்சுக்கோங்க.

தசை நடுவுல இழுக்குற மாதிரி இருந்தா பரவாயில்ல. மூட்டுல சுருக்குன்னு குத்தினா, கால் வழியா மின்சாரம் மாதிரி இறங்கினா, மரத்துப் போனா, அந்த நிமிஷமே நிறுத்துங்க. மூக்கு வழியா மூச்சு சீரா வரலைன்னா அளவுக்கு மீறிப் போயிட்டீங்கன்னு அர்த்தம். டீச்சர் என்ன எண்ணிக்கை சொன்னாலும் சரி, முட்டி போட்டு பாலாசனத்துல குனிஞ்சு படுத்துக்கோங்க. மறுநாள் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும். ஒரே இடத்துல ஒரு வாரம் தாண்டியும் வலிச்சா டாக்டர்கிட்ட காட்டணும். போன தடவை மாதிரி எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருக்காதீங்க.

ஓம் சொல்லச் சொல்லுவாங்களோன்னு ஒரு யோசனை இருக்கும், சர்ச் சபையில கேட்பாங்கன்னும் இருக்கும். சில இடத்துல சொல்லுவாங்க. முன்கூட்டியே டீச்சர்கிட்ட சொல்லிட்டு, மூச்சை மட்டும் கவனிச்சு அமைதியா உட்காரலாம். இதுக்கு மேல இங்க வேண்டாம்.

கடைசியில சவாசனம், மல்லாந்து படுக்கிறது. அடுப்பு ஞாபகம் வந்து எழும்பி ஓடிராதீங்க. அஞ்சு பத்து நிமிஷம் முழுசா படுங்க. முட்டிக்கடியில பெட்ஷீட்டைச் சுருட்டி வச்சா கீழ்முதுகு தரையில நல்லாப் படியும். எழும்பும்போது நேரா எழும்பினா தலை சுத்தும், வலப்பக்கம் ஒருக்களிச்சு, கையை ஊன்றி, தலையைக் கடைசியா தூக்குங்க.

மேட் வாங்க வேண்டாம். கடையில இருக்கிற பத்து மில்லிமீட்டர் மேட் மெத்துன்னு இருக்கும், ஒத்தைக் கால்ல நின்னா ஆடும். என்கிட்ட ஆறு மில்லிமீட்டர்ல ஒண்ணு இருக்கு. சோப்புத் தண்ணியில துடைச்சு, நிழல்ல காய வச்சிருக்கேன், வெயில்ல போட்டா வெடிச்சிரும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வரும்போது அண்ணன்கிட்ட கொடுத்து விடுறேன். அதையாவது வேண்டாம்னு திருப்பி அனுப்பாதீங்க மைனி.