சுப்பையாவுக்கு, மானிட்டர் விவகாரமாக

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரியில் கேட்டிருக்கலாம், நீ மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கையெழுத்து அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது.

உன் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பையன் வாங்கித் தந்த 27 அங்குல 4கே மானிட்டரை அந்த டைப்-சி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் சின்னப் பெட்டி) வழியாக மாட்டினால் படம் வருகிறது, ஆனால் மவுஸ் அம்பு நொண்டி நொண்டி வருகிறது என்கிறாய். மானிட்டர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதே. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று ஒன்று இருக்கும், திறந்து பார். 30 ஹெர்ட்ஸ் என்று காட்டும், பந்தயமே கட்டுகிறேன். வினாடிக்கு 60 தடவை மாற வேண்டிய படம் 30 தடவைதான் மாறுகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, மவுஸ் பிடித்த கைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏன் அப்படி என்றால், 4கே படத்தை, அதாவது 3840×2160 புள்ளிகளை, 60 ஹெர்ட்ஸில் அனுப்ப வினாடிக்கு 12 கிகாபிட்டுக்கு மேல் போயாக வேண்டும். டைப்-சி துளைக்குள் அதிவேகப் பாதைகள் நான்கு. ஹப்பில் பென் டிரைவ் செருக வேகமான யு.எஸ்.பி. துளைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு இரண்டு பாதை போய்விடும். மீதி இரண்டில்தான் படம். மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறைகளில் ஒன்றான டிஸ்ப்ளே போர்ட் 1.2 கணக்குப்படி பாதைக்கு 4.32 கிகாபிட், இரண்டுக்கும் சேர்த்து 8.64. 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால்தான் 4கே அதற்குள் அடங்கும். இது போதாதென்று, விலை குறைந்த ஹப்புகள் பலவற்றில் உள்ளே இருக்கிற சிப், டி.வி.யில் மாட்டுகிறோமே அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பின் பழைய 1.4 காலத்தது. அதன் எல்லையே 4கேக்கு 30தான். பெட்டியில் ‘4கே’ என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு ‘30 ஹெர்ட்ஸ்’ என்பதை எறும்பு சைஸில் ஓரத்தில் ஒளித்திருப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனுக்கு எழுத்து சைஸில் இருக்கும் சூதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஹப்பைப் பென் டிரைவுக்கு மட்டும் வைத்துக்கொள். மானிட்டருக்கு ஒரு முனை டைப்-சி, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் என்று நேர் கேபிள் ஒன்று போதும். நடுவில் ஹப் இல்லாததால் நான்கு பாதையும் படத்துக்கே கிடைக்கும். உன் லேப்டாப்பில் டைப்-சி துளை இரண்டு என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்று என்று நினைக்காதே. ஹப் மாட்டியபோது படம் வந்த துளை எதுவோ அதிலேயே செருகு. மற்றதில் சார்ஜும் தரவும் மட்டும் போகலாம். துளைக்குப் பக்கத்தில் ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ நுழைந்த மாதிரி ஒரு சின்ன முத்திரையோ, அம்பு நுனியோடு மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். சில கம்பெனிகள் குறியே போடுவதில்லை, அப்போது மாடல் எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். போன் சார்ஜர் கேபிளைச் செருகிப் பார்த்து ஏமாந்ததாக எழுதியிருந்தாயே, அதில் வராது. அந்த மாதிரி கேபிளில் படம் போக வேண்டிய கம்பிகளே கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். 1987-இல் ஐ.பி.எம். தன் பி.எஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்ற மானிட்டர் இணைப்பை நினைத்துப் பார். வரிசைக்கு ஐந்து பின்னாக மூன்று வரிசை, இரண்டு பக்கமும் திருகு. பொருந்தினால் படம் வரும், அவ்வளவுதான் சட்டம். 2002 கடைசியில் எச்.டி.எம்.ஐ. வந்தது, 2006-இல் டிஸ்ப்ளே போர்ட். அவற்றுக்காவது முகம் வேறு வேறு. 2014-இல் வந்த டைப்-சிக்கு ஒரே முகம்தான், ஆனால் ஒன்று சார்ஜ் மட்டும் ஏற்றும், இன்னொன்று தரவு கடத்தும், மூன்றாவது படமும் தரும். எதைச் செருகினாலும் ‘டக்’ என்று உட்கார்ந்துகொள்ளும். பொருந்துவது ஒரு விஷயம், வேலை செய்வது வேறு விஷயம் என்று ஆக்கிவிட்டார்கள். இவர்கள்மேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை. ஒரே துளை போதும் என்ற ஆசை நியாயம்தான். எதற்கு எது என்று கேபிளின் மேலேயே அச்சடித்துத் தொலைத்தால் என்னவாம்?

உன் பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரைத் தூக்கிப் போடாதே. மெய்ப்புப் பார்க்க அது போதும். லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. துளை சும்மாதானே இருக்கிறது? எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கு. டிஜிட்டலை அனலாகாக மாற்றும் சிப் அதற்குள் இருக்கும். அது துளையில் வரும் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும், சிலவற்றுக்கு மட்டும் தனியாக யு.எஸ்.பி. மின்சாரம் வேண்டும். அந்தச் சின்ன யு.எஸ்.பி. துளை உள்ளதாகப் பார்த்து வாங்கு. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் மானிட்டரில் உள்ள ‘ஆட்டோ’ பட்டனை அமுக்கு, நகர்ந்து உட்காரும். ரெசல்யூஷன் 1280×1024.

அந்த மானிட்டரின் கேபிளில் ஒரு பின் காணோம் என்று பதறியிருக்கிறாய். நடு வரிசையில் ஒன்பதாவது பின்தானே? பெரும்பாலான வி.ஜி.ஏ. கேபிளில் அது இருக்காது, உடைந்து விழவில்லை. கீழ் வரிசையைத்தான் கவனி. அதில் 12, 15 ஆகிய இரண்டும்தான் மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் வழி. எந்தக் கம்பெனி, என்ன ரெசல்யூஷன் தாங்கும் என்று 128 பைட்டில் ஒரு சின்ன ஜாதகம் அந்த வழியாகப் போகும். அந்த இரண்டு பின்களில் ஒன்று வளைந்து தொடாமல் போனால் கணினிக்கு மானிட்டரை அடையாளம் தெரியாது, 1024×768-ஐக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். வளைந்த பின்னுக்கு மருந்து, மை தீர்ந்த ரீஃபில். முனையைக் கழற்றிவிட்டு அந்தக் குழாயைப் பின்மேல் நுழைத்து மெல்ல நிமிர்த்து. இடுக்கியால் பிடித்தால் ஒடிந்துவிடும்.

உன் மச்சினர் கொடுத்த கேபிளுக்கும் இதோடு பதில். ஒரு முனை டிஸ்ப்ளே போர்ட், மறுமுனை எச்.டி.எம்.ஐ. அவர் ஆபீஸில் ஓடுகிறது, உன் கடையில் படமே இல்லை. அவருக்குக் கணினிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட். அங்கே கணினியே எச்.டி.எம்.ஐ. மொழியில் பேசத் தெரிந்துகொண்டிருக்கும், கேபிள் சும்மா கடத்திவிடும். நீ அதைத் திருப்பி, எச்.டி.எம்.ஐ.-யை லேப்டாப்பிலும் டிஸ்ப்ளே போர்ட்டை மானிட்டரிலும் மாட்டியிருக்கிறாய். அந்தத் திசையில் மாற்ற, மின்சாரத்தோடு ஓடும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும், விலையும் கூடுதல். கேபிளில் தப்பில்லை, மச்சினரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடு.

4கே ஓடத் தொடங்கியதும் எழுத்துக் கடுகாகத் தெரிகிறது என்று அடுத்த கடிதம் எழுதாதே. ஸ்கேலை 150 சதவீதம் வை. அப்புறம் பார், ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழி எத்தனை என்று கண்ணை இடுக்க வேண்டியிருக்காது, புள்ளி புள்ளியாகவே நிற்கும். மணமகன் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய் ஐந்நூறு பத்திரிகையைத் திரும்ப அடித்த கதையை நீதான் சொன்னாய்.

தம்பி மகள் மேக்புக் ஏர் வாங்கலாமா, இரண்டு மானிட்டர் ஓடுமா என்று கேட்டிருந்தாள். எம்1, எம்2 சிப் என்றால் வெளி மானிட்டர் ஒன்றுதான். எம்3-இல் மூடியைச் சாத்தினால் இரண்டு, எம்4-இல் திறந்து வைத்தே இரண்டு. டிஸ்ப்ளேலிங்க் டாக் போட்டு ஏமாற்றலாம். அது மென்பொருள் வழியாகப் படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி.-யில் அனுப்பும் வித்தை, கணக்கு வழக்குப் பார்க்கச் சரி. அவள் வீடியோ எடிட்டிங் படிக்கப் போகிறாளாம், அதற்கு வேண்டாம்.

அடுத்த வாரம் ரிச்சி தெருப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கேபிளும் கன்வெர்ட்டரும் நானே வாங்கிக் கூரியரில் போட்டுவிடுகிறேன், ஊரில் அலையாதே. அதற்கு முன் இரண்டு காரியம் செய். லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் குறிகள் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. லேப்டாப்பிலிருந்து மானிட்டர் முதுகு வரை, மேசைக்குப் பின்னால் வளைந்து போகிற தூரத்தையும் சேர்த்து நூல் பிடித்து அளந்து சொல். 2 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. தாண்டினால் மேசையை நகர்த்து, கேபிளை நீட்டச் சொல்லாதே. பணத்தைப் பற்றிப் பேசினாயோ, பொங்கலுக்கு வரும்போது உன் வீட்டில் சாப்பிட மாட்டேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன்,
ராமசாமி