கட்டில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில் வடசென்னைத் தேவாலயங்களில் பிரியாணிப் பொட்டலம், புடவை, போர்வை வழங்கும் செய்திகளை உங்கள் நாளிதழில் படத்துடன் பார்க்கிறேன். நல்ல காரியம். பசித்தவருக்கு அன்றைக்கு ஒரு வேளை வயிறு நிறைகிறது. ஆனால் பண்டிகைப் பட்டியலில் வராத இன்னொரு தேவை எங்கள் பகுதியில் இருக்கிறது. அதைச் சபை மக்களிடம் கேட்கவே இந்தக் கடிதம்.

அரசு மருத்துவமனையில் யாரைச் சேர்த்தாலும் முதலில் வரும் கேள்வி, "கூட யாரு இருக்கீங்க?" என்பதுதான். ஸ்கேன் எடுக்க வீல்சேரில் தள்ளிக்கொண்டு போக, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கி வர, கஞ்சி ஊட்ட, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க, தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். நர்ஸ்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் ஓடுகிற ஓட்டத்தைக் கண்ணால் பார்க்கிறவள் நான்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்களும் வந்து சேர்கிறார்கள். பிராட்வே நடைபாதையில் படுத்திருந்தவரை 108 வண்டி கொண்டுவந்து விடும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியில் வந்த வெளிமாநிலக் கிளீனர் காய்ச்சலோடு கிடப்பார். வண்டி போய்விட்டிருக்கும், அவருக்கோ தமிழ் தெரியாது. பிள்ளைகள் இருந்தும் யாரும் எட்டிப் பார்க்காத முதியவர்களும் உண்டு. ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் இல்லாமல் வந்தவர்களுக்காக ஜன்னலுக்கு ஜன்னல் போய் நிற்பதே தனி வேலை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த மக்களிடையே, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில் இருக்கிறேன். 1833இல் பாரிஸில் இதைத் தொடங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. "உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்றைக்கு என்ன செய்கிறது?" என்று கூடப் படித்தவர்கள் கேட்டார்கள். அவரும் நண்பர்களும் ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போகத் தொடங்கினார்கள். இன்றுவரை சபையின் முதல் வேலை அதுதான், போய்ப் பார்ப்பது. அந்த வழியில் எங்களில் சிலர் மருத்துவமனை வார்டுக்கும் முறை வைத்துப் போகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தைக் கோயிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், ஆடையில்லாதவருக்கு ஆடை என்று இயேசு வரிசையாகச் சொல்கிறார். நோயாளியும் சிறையில் இருப்பவரும் வரும் இடத்தில் மட்டும் எந்தப் பொருளையும் கேட்கவில்லை. என்னைப் பார்க்க வந்தீர்கள் என்கிறார், அவ்வளவுதான். குணமாக்கினாயா, சிறையிலிருந்து விடுவித்தாயா என்ற கேள்வியே அங்கே இல்லை. கூலிக்குப் போகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் நிறைந்த எங்கள் பங்குக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கையில் காசு இல்லாதவரும் முழுதாகச் செய்யக்கூடிய சேவை இது.

இது எளிது என்று சொல்ல மாட்டேன். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைத்த ஒரு ஆயா இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். ஊட்டப் போனால் தட்டைத் தள்ளிவிடுவார். "இன்னாத்துக்கு வர்ற நீ? உனக்கு இன்னா வேணும்?" என்பார். எனக்கு எதுவும் வேண்டாம் ஆயா என்றால் நம்பமாட்டார். சும்மா யாரும் எதுவும் செய்யாத வாழ்க்கையை வாழ்ந்து வந்தவர், எப்படி நம்புவார்? கடைசிவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடனும் அவருக்கு இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கைக் கண்கலங்கப் பார்க்கிறோம். மற்ற மூன்று நற்செய்திகளும் கடைசி இரவு உணவில் அப்பத்தையும் கிண்ணத்தையும் பற்றிச் சொல்ல, யோவான் அங்கே இயேசு சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த தண்ணீரையும் துண்டையும் வைக்கிறார். அன்றைக்குக் கழுவப்பட்ட கால்களில் யூதாசின் கால்களும் உண்டு. அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கப்போவது தெரிந்தும் ஆண்டவர் அவனைத் தாண்டிப் போகவில்லை. நன்றி சொல்லாதவர் முன் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இதுதான் தெம்பு.

வார்டுக்குள் நாங்கள் பிரசங்கம் செய்வதில்லை, துண்டுப் பிரசுரம் கொடுப்பதில்லை. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. அவரிடம் போய் மதம் பேசுவது அன்பாகாது என்பது என் உறுதியான எண்ணம். அவராகவே ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுவோம். பல நாள் எங்களுக்கு உதவுவது பக்கத்துக் கட்டில் பாய் வீட்டு அம்மாவும், மாலை போட்ட தம்பிகளும்தான்.

இது வடசென்னைக்குப் புதிதும் இல்லை. 1888இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தவர் மருத்துவர் மெட்டில்டா மெக்ஃபெயில். ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காக அவர் சிறிதாகத் தொடங்கிய வைத்தியம்தான் 1914இல் ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. நம் வீடுகளில் எத்தனை பேர் அங்கே பிறந்திருக்கிறோம்!

கத்தோலிக்கப் பங்கானாலும் சி.எஸ்.ஐ. சபையானாலும் பெந்தெகொஸ்தே சபையானாலும் சரி, ராயபுரம் முதல் பெரம்பூர் வரை ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். முதலில் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலரை (ஆர்எம்ஓ) பார்த்து அனுமதி வாங்க வேண்டும். முகக்கவசம், கை கழுவுதல் பற்றி நர்ஸ் சொல்வதை அப்படியே கேட்க வேண்டும். உங்கள் ஊட்டலும் புரட்டலும் அவர்கள் சொல்படிதான், சொந்த யோசனை கூடாது. இந்தி, ஒடியா தெரிந்தவர்கள் வந்தால் பெரிய உதவி. பெண்கள் வார்டுக்கு எப்படியோ ஆள் சேர்ந்துவிடுகிறது. ஆண்கள் வார்டில், அதுவும் இரவு நேரத்தில், ஆண்கள்தான் வேண்டும். இளைஞர் குழுக்கள் யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ராயபுரம், சென்னை - 13.