‘தீராத வயிற்று வலி’ என்று இனி அச்சடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தின் கீழ் மூலையில் ஆறு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. 38 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகள், ‘தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த நிலையில் மனமுடைந்து’ தற்கொலை, போலீசார் வழக்குப் பதிந்து விசாரணை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மனைவி அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே என்னைக் கூப்பிட்டாள். “என்னங்க, இந்தப் பிள்ளைக்கும் எனக்கு வந்த மாதிரி வயித்து வலிதான் வந்திருக்குமோ?” என்று கேட்டாள். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் காவல் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து, 2019-ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். அதில் 11 வருஷம் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது புகாரையும் வழக்கையும் எழுதுகிறவன். இந்தத் ‘தீராத வயிற்று வலி’ எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மேசையில்தான் பிறந்தது.

ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு விழுந்தால், புருஷனோ அண்ணனோ ஊர்ப் பெரிய மனுசர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருவார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருக்கும். கையில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கும், அதில் ஒன்றும் எழுதியிருக்காது. “எப்படி எழுதணும் ஏட்டையா?” என்பார்கள். எழுத வேண்டிய காரணம் அவர்களுக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. கடன், குடி, குடும்பச் சண்டை என்று எழுதினால் விசாரணை நீளும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் எப்படியும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை. அதனால் நானே கேட்பேன்: “வயித்து வலி ஏதும் இருந்துச்சா?” பெரிய மனுசர் முந்திக்கொள்வார்: “ஆமாங்கய்யா, ரெண்டு வருஷமா இருந்துச்சு, பாக்காத வைத்தியம் இல்ல.” அதை எழுதி, அன்றைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இன்றைக்கு அதன் இடத்தில் வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 194, அந்தப் பிரிவில் வழக்குப் போட்டு, பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி, பொழுது சாய்வதற்குள் உடம்பை ஒப்படைத்துவிடுவோம். இரக்கப்பட்டுத்தான் செய்தேன். சாயங்காலம் உங்கள் நிருபர் போன் போடுவார். அதே வரியை அவருக்குப் படித்துக் காட்டுவேன். மறுநாள் அது அச்சில் வரும்.

அதை ஒரு சௌகரியமான பொய் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். 2022 வைகாசியில் என் மனைவிக்கே வயிற்று வலி வந்தது.

“வயித்துக்குள்ள யாரோ பிசையுற மாதிரி இருக்கு, அங்கருந்து ஒண்ணு உருண்டு வந்து நெஞ்சை அடைக்குது” என்பாள். கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேன் எடுத்தோம். மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். லேசாகப் புண் இருக்கிறது என்று ஒரு மாத மருந்து. குடல் மேலே ஏறிவிட்டது, குடலேத்தம் என்று சொல்லி ஒரு பாட்டியிடம் எண்ணெய் போட்டுத் தட்டினோம். யாரோ செய்வினை என்றார்கள், அதற்கும் போய்த் தாயத்துக் கட்டினோம். பதினாலு மாதம், 65,000 ரூபாய்க்கு மேல் போனது. வலி போகவில்லை, 11 கிலோ எடை போனது.

அவளுக்கு நடந்துகொண்டிருந்த மற்ற எதையும் நான் பார்க்கவில்லை. நான் போலீஸ்காரன், நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பேர் எடுத்தவன். வீட்டில் ஒருத்தி தினமும் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருந்தது எனக்கு உறைக்கவில்லை. முதலில் கவனித்தவர் கீரைக்காரம்மாதான். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, “ஏட்டையா, அம்மாவுக்கு என்ன? ரெண்டு மாசமா எங்கிட்ட பேரமே பேசல, சொன்ன காசை எடுத்து நீட்டிட்டு உள்ள போயிருது” என்றார். வயசாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் எங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர் ரிப்போர்ட்டுகளையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்புத் தட்டுதும்மா?” என்றார். அப்புறம், “காலையில கண் முழிச்சதும் ஏன்டா விடிஞ்சதுன்னு இருக்கா?” என்றார். முப்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தவள், எனக்குத் தெரியாத ஒருவரின் முன்னால் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஓ.பி. சீட்டில் ‘மனநலப் பிரிவு’ என்று எழுதித் தந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “என் பொண்டாட்டிக்குப் பைத்தியமா?” என்று அந்தப் பிள்ளையிடம் சத்தம் போட்டேன். எனக்குத் தெரிந்த மனநல மருத்துவம் ஒன்றே ஒன்றுதான். பழைய 1987 மனநலச் சட்டம் இருந்த காலத்தில் தெருவில் சுற்றுபவர்களை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, உத்தரவு வாங்கி, கீழ்ப்பாக்கத்துக்கு ரயிலில் எஸ்கார்ட் போயிருக்கிறேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல் வேறு இடத்தில் தொடங்கி, பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு வந்து இன்றுவரை வைத்தியம் பார்க்கிற இடம். அந்த ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அந்த வசைதான் அன்றைக்கு என் வாயில் வந்தது.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வீணாக்கினேன். இடையில் டவுனில் ‘மனநல ஆலோசனை’ என்று போர்டு போட்ட ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய். நல்லதையே நினையுங்கள், மனசை வேறு பக்கம் திருப்புங்கள் என்றார்கள். அவளால் முடியாததே அதுதான். தன்னால் முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. நடுரோட்டில் நின்று லைசென்ஸ் கேட்டே பழகிய நான், அங்கே உட்கார்ந்திருந்தவர் என்ன படித்தவர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மருந்து எழுதுவது அவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். எம்.ஃபில். முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருப்பார், பதிவு எண்ணைக் கேட்டால் சொல்வார். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் உட்கார வேண்டாம்.

ஒருநாள் ராத்திரி அவள் சொன்னாள்: “நான் இல்லைன்னா நீங்க இப்படி அலைய வேண்டாம்ல.” சாதாரணமாகத்தான் சொன்னாள், குழம்பில் உப்புக் குறைச்சல் என்பது போல. எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ‘இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் இவ்வாறு கூறினார்’ என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். விடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

மனநலப் பிரிவு, வராந்தாவின் கடைசி அறை. வெளியே பெஞ்சில் ஒரு லாரி டிரைவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், டிபன் பையோடு வந்திருந்த ஒரு டீச்சர். சங்கிலியைக் காணோம், யாரும் கத்தவில்லை. டோக்கன் கூப்பிடக் காத்திருந்தார்கள், சுகர் மாத்திரைக்குக் காத்திருப்பதைப் போலவே. டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்போதிலிருந்து, ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிட மாட்டோமா என்று நான் பயந்தேன். கேட்பதால் எண்ணம் வராது, கேட்டால் பாரம்தான் இறங்கும் என்றார். தைராய்டும் ரத்தசோகையும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும் என்று சொல்லி முதலில் ரத்தப் பரிசோதனை செய்தார். பிறகுதான் பெயர் சொன்னார்: மனச்சோர்வு நோய். “வலி நிஜம்தான் சார். அம்மா நடிக்கல. மூளையும் குடலும் நரம்பு வழியா எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கும். சோர்வைச் சொல்ல வார்த்தை கிடைக்காதவங்களுக்கு வயிறு பேசுது” என்றார்.

தினம் காலையில் ஒரே ஒரு மாத்திரை, அரசு மருந்தகத்தில் இலவசம். முதல் வாரம் குமட்டும், மூன்றாவது வாரம்வரை பலன் பெரிதாகத் தெரியாது, பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். வீட்டிலிருந்த மற்ற மாத்திரைகளை அவளிடம் விடாமல் நானே வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் நான் வாங்கி வைத்திருந்த தூக்க மாத்திரையைப் பார்த்துத் திட்டினார்கள். பழக்கப்படுத்துவது அதுதானாம். மனச்சோர்வு மாத்திரை அடிமையாக்காது, ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை உளவியலாளர் ஒருவர் உட்கார்ந்து பேசினார். பெரிய உபதேசம் எதுவும் இல்லை. இன்றைக்குத் தெரு முனைவரை நடக்க வேண்டும், நாளைக்கு ஒரு ஆளோடு போனில் பேச வேண்டும் என்று சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்து, மறுவாரம் கேட்பார்.

மூன்றாவது வாரம் ஐந்து மணிவரை தூங்கினாள். ஏழாவது வாரம் நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் சத்தம். “ரெண்டு கட்டு முப்பதா? போன வாரம் இருபதுக்குக் குடுத்தேல்ல!” கீரைக்காரம்மா பதிலுக்குச் சண்டை போட்டார், நன்றாகவே போட்டார். பாதிச் சவரத்தோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு முடியவில்லை. நான்காம் மாதம், நன்றாகத்தான் இருக்கிறாளே என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு நாளில் தலைசுற்றல், மூன்றாவது வாரத்தில் மறுபடியும் மூன்றரை மணி இருட்டு. நல்லபடியாக ஆன பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது எடுத்துக்கொண்டு, அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். 2025 மாசியில் டாக்டரம்மாவே நிறுத்தினார். வயிற்று வலி வரவில்லை.

வயிற்று வலி எல்லாமே மனச்சோர்வு என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் பார்க்க வேண்டியவைதான். அவற்றில் ஒன்றுமில்லை என்ற பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு எல்லாம் மாறிப்போன ஆளிடம் அடுத்த கேள்வியைக் கேட்க ஆளில்லை என்பதுதான் என் ஆதங்கம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015-16), மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேர் சிகிச்சைக்கே வரவில்லை என்கிறது. பதினாலு மாதம் என் மனைவியும் அந்த 85-ல்தான் இருந்தாள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கும் அந்தப் பெண்கள், போகிற போக்கில் “நல்லாத் தூங்குறீங்களா? எதுலயாவது மனசு ஒட்டுதா?” என்று இரண்டு கேள்வி கேட்டால் போதுமே என்று அடிக்கடி தோன்றுகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஸ்டேஷனில் சொல்லும் ‘தீராத வயிற்று வலி’யைச் சாவுக்குக் காரணமாக அச்சடிக்காதீர்கள். அதைப் படிக்கிற வயிற்று வலிக்காரிக்கு அது ஒரு முடிவைக் காட்டுகிறது, வைத்தியத்தைக் காட்டுவதில்லை. தற்கொலைச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று பிரஸ் கவுன்சில் 2019-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. விசாரணை நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமாகும் ஒரு வரியில் 14416 என்று போடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. நம் மாநிலத்தின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனையில் இருப்பார்கள் என்பதை, மின்தடை அறிவிப்புப் போடுகிற மாதிரி மாவட்டப் பக்கத்தில் போடலாம்.

முயன்று பிழைத்தவர்கள் வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்வதில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ம் பிரிவு, அவர்கள் கடும் மன நெருக்கடியில் இருந்தவர்களாகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. இதை எழுதுங்கள். காக்கி போட்டவர்களில் பலருக்கே இது தெரியாது.

இப்போது ரைட்டர் மேசையில் இருக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளைத் தாளோடு வருகிறவர்களிடம் “வயித்து வலி இருந்துச்சா?” என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாளாகத் தூங்கினாரா, சாப்பிட்டாரா, என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். அந்த வீட்டில் மிச்சம் இருக்கிறவர்களையும் ஒருமுறை பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பஸ்ஸைப் பற்றியும் எழுதச் சொன்னாள். செய்தியில் வந்த அந்தப் பிள்ளையின் ஊரிலிருந்து எங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரே டவுன் பஸ், மாறி ஏற வேண்டியதில்லை. பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர்
(மனைவியின் பொருட்டுப் பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)