16 கிலோமீட்டருக்கு 32 வருஷம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடுகிறது. இந்த விஷயத்தைப் பாதியில் விட எனக்கு மனசில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, "இனிமே லீவுக்கு எங்கயும் போறதா இல்லம்மா, வீட்டுல கெடந்து தூங்குனாலே போதும்" என்றாயே, அது என்னவோ போலிருந்தது எனக்கு. கொடைக்கானல் போய் வந்த அலுப்பு என்று தெரியும். இரண்டு நாளில் ஒன்பது இடம். மலைப்பாதை வளைவில் பாப்பாவுக்கு வாந்தி. தூண் பாறைக்குப் போனால் பனி மூடிக் கிடந்ததாம். காரை நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போனதாம். பாப்பாவின் ஒற்றைத் தோடு வேறு தொலைந்தது. திரும்பி வரும்போது காரில் நீயும் மருமகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்று பாப்பாதான் சொன்னாள். அவளைத் திட்டாதே. ஏழு வயசுப் பிள்ளை, அப்பத்தாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லும்?

உனக்கு ஒரு லீவு நாளை எப்படிக் கழிப்பது என்று பிடிபடவில்லை என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது தம்பி. உன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் நான் டியூஷனுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் கணக்கு, மத்தியானம் இங்கிலீஷ். அப்பாவுக்கோ கீழராஜவீதியில் கடை. தீபாவளியும் பொங்கலும் போக ஒரு நாள்கூட அவர் கடையைச் சாத்தியதில்லை. நாம் ஊரை விட்டுக் கிளம்பினால் ஒன்று கல்யாணம், இல்லை என்றால் நேர்த்திக்கடன், அதுவும் இல்லை என்றால் துக்கம். சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று நம் வீட்டில் யாரும் செருப்பை மாட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

1987ல் அறந்தாங்கியிலிருந்து வாக்கப்பட்டு இந்தப் புதுக்கோட்டைக்கு வந்தேன். சித்தன்னவாசல் இங்கிருந்து 16 கிலோமீட்டர்தான். நான் வாத்தியார் வேலை பார்த்தவள். சித்தன்னவாசல் ஓவியங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவை, சமணம், ஒரு மார்க். அதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! பிள்ளைகளை மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று மூன்று நாள் டூர் பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறேன். அதிலும் இறங்கு, ஏறு, எண்ணிக்கை சரியா என்று பார், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த சித்தன்னவாசலுக்கு நான் முதன்முதலாகப் போனது ரிட்டயர் ஆன பிறகு, 2019 தை மாதம். அப்பா கடையைக் கைமாற்றி விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் வாசலுக்கும் திண்ணைக்கும் நடந்துகொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல், அன்னவாசல் பஸ்ஸில் ஏறுவோம் வாருங்கள் என்று நான்தான் இழுத்துப் போனேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்கு முழுதாக எழுதணும்.

சித்தன்னவாசலில் ஓவியங்கள் இருக்கிற அறிவர் கோயில் என்பது பாறையைக் குடைந்து எடுத்த சின்ன அறை. முன்னால் ஒரு மண்டபம், உள்ளே ஒரு கருவறை, அவ்வளவுதான். வெயிலிலிருந்து உள்ளே போனதும் விதானத்தைப் பார்த்தேன். அழுக்குப் பச்சையாக ஏதோ திட்டுத் திட்டாக. இதற்கா இவ்வளவு பேர் என்று ஒரு ஏமாற்றம். அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலி. அதனால் நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் போனதும் கண் பழகியது. முதலில் ஒரு தாமரை இலை பிரிந்து தெரிந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒரு மீன். அந்த மீனைப் பார்த்ததும் இன்னொரு மீன். ஒரு யானை, எருமை, வாத்து மாதிரி பறவைகள். தலைக்கு மேலே முழுக்க ஒரு குளம்! குளத்துக்குள் மூன்று பேர் பூப் பறிக்கிறார்கள். ஒருவர் தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நிற்பில் ஒரு அவசரமும் இல்லை. வயலில் வேலை முடித்து மண்வெட்டியைத் தோளில் போட்டு நிற்கிற மனுஷன் மாதிரி இருந்தார். தூண்களில் ஆடும் பெண்கள். ஒரு கை மட்டும் அழியாமல் தங்கியிருக்கிறது, அந்தக் கை ஒன்று போதும்.

வெளியே ஒரு கல்வெட்டு உண்டு. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்வது. ஆசிரியர் என்று படித்ததும் எனக்கு நம்மாள் ஒருவரைப் பார்த்தது போல் ஆகிவிட்டது. சமண ஆசாரியரைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சந்தோஷம்.

கருவறைக்குள் நின்று மெல்ல ஓம் என்று இழுத்துப் பாருங்கள் என்றார் காவலர். நான் இழுத்தேன். ஒன்றும் பெரிதாக வரவில்லை. அப்பா இழுத்தார். தம்பி, உங்கப்பா பாடி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. உன்னைத் தூங்கவைக்கக்கூட அவர் முணுமுணுத்தது கிடையாது. அந்தக் குரல் சுவரில் பட்டு, கல்லே வாய் திறந்த மாதிரி அறை முழுக்க நிறைந்து நின்றது. அவர் வாயை மூடிய பிறகும் அது உடனே அடங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பவும் இழுத்தார். நான்கு தடவை. வெளியே வந்து ரொம்ப நேரம் பேசவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னார்: "இத்தன வருஷமா இது இங்கயேதான் இருந்திருக்கு, இல்ல?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் தம்பி இந்தக் கடிதமே.

அதற்குப் பிறகு நாங்கள் விடவில்லை. கொரோனா வந்து நடுவில் இரண்டு வருஷத்தைத் தின்றது. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு. காலையில் புளியோதரையும் வறுத்த அப்பளமும் கட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு. ஒரு நாளைக்கு ஒரே இடம் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பக்கத்தில் இன்னொன்று இருக்கிறதே, வந்தது வந்தோம் என்று ஒரு டீச்சர் எப்போதும் சொல்வாள். அந்த 'வந்தது வந்தோம்'தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அடுத்த இடம் மனசுக்குள் வந்துவிட்டால் நிற்கிற இடம் கண்ணில் படாது.

நார்த்தாமலைக்கு ஏழு மணிக்கு முன்பே போய்விட வேண்டும், பாறை சுட்டால் நடக்க முடியாது. மேல்மலையில் விஜயாலய சோழீச்சரம் மேற்கே பார்த்து நிற்கிறது. சுற்றி ஒரு வீடு இல்லை, கடை இல்லை, காற்று மட்டும்தான். சாத்தன் பூதி என்பவர் கட்டிய கோயில் மழையில் இடிந்து போக, மல்லன் விடுமன் என்பவர் அதைத் திரும்ப எடுத்துக் கட்டினார் என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. பழுது பார்த்தவர் முதலில் கட்டியவர் பெயரை மறைக்காமல் வெட்டி வைத்திருக்கிறார் பார். எதிரே குகைக்குள் ஒரே அச்சில் வார்த்தது போல 12 விஷ்ணு சிலைகள். பாப்பாவை அங்கே நிறுத்தி, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் கண்டுபிடி என்று விட்டால் போதும், ஒரு மணி நேரத்துக்கு நாம் பேச வேண்டியதே இல்லை.

குடுமியான்மலைக்கு மட்டும் மூன்று தடவை போய்விட்டேன். பாறையில் ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. புரியாவிட்டால் என்ன? பாட்டை மறந்துவிடக் கூடாதென்று யாரோ பாறையில் உட்கார்ந்து உளி பிடித்திருக்கிறார்கள். ஓலையை நம்பவில்லை. கஞ்சிரா என்ற தாள வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமூண்டியா பிள்ளையும் நம் புதுக்கோட்டைக்காரர்தான். அதையும் இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன். நீ ஐந்தாவது படிக்கும்போது தகரப் பெட்டியில் தாளம் போட்டதற்கு நான் ஸ்கேலால் அடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கை வலிக்கிறது.

சென்னையில் இருந்துகொண்டு எங்கே போவது என்று கேட்பாய். போன வருஷம் உன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நாள், நீங்கள் இருவரும் ஆபீஸ் கிளம்பிய பிறகு, நான் தனியாக எழும்பூர் மியூசியத்துக்குப் போய் வந்தேன். கவலைப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டிடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் அம்மன், ஒரே கை. எண்ணிக்கை சரியில்லை என்று கண்ணுக்குத் தோன்றவே தோன்றாது, அப்படி ஒரு வளைவு இடுப்பில். அதற்கு முன்னால் கால் வலிக்கிற வரைக்கும் நின்றேன். மற்றதைப் பார்க்காமல் வந்துவிட்டேன். மருமகளைக் கூட்டிக்கொண்டு அதை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல காப்பி ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்கு வா. வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, ஞாயிறு திறந்திருக்கும்.

மாமல்லபுரம் பாப்பாவுக்கு. கார் வைத்திருக்கிறாய், வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்கிற பூனை ஒன்று உண்டு, அதன் காலடியில் எலிகள். எங்கே இருக்கிறது என்று நீ காட்டிவிடாதே, அவளே தேடட்டும். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். அந்த நாக்கைப் பார்க்கும்போது கல் என்பது மறந்துவிடும். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். மார்கழி வந்தால் சபாக்களில் மத்தியானக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். இளம் பிள்ளைகள் பாடுவார்கள், கூட்டம் இருக்காது. பாப்பா பாதியில் தூங்கினால் தூங்கட்டும்.

போன் எடுத்துப் படம் பிடிக்காதே என்று சொல்ல மாட்டேன். முதல் கால் மணி நேரம் மட்டும் அது பையில் இருக்கட்டும். எனக்கு அந்த மீன்கள் தெரிய அவ்வளவு நேரம் ஆயிற்று.

மருமகளுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒரு நாளாவது அவளை விடியற்காலை எழுந்து சமையல் கட்ட வைக்காதே. இரண்டு இட்லியை வழியில் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் என் டீச்சர்களும் முறை போட்டுக் கட்டுகிறோம், அதனால்தான் எங்களுக்கு ஓடுகிறது. ஒருத்தி சமைத்து, ஒருத்தி துவைத்து, அதற்குப் பேர் லீவு என்றால் அவளுக்கு அது வேலை நாள்தான். கொடைக்கானலிலிருந்து வரும்போது அவள் ஏன் பேசவில்லை என்று நீ கேட்டாயா? கேள்.

பொங்கல் கழிந்த வாரம் மூன்று பேரும் இங்கே வாருங்கள். பல்லவன் ரயிலில் வந்தால் ராத்திரியே வீட்டில் படுத்துக்கொள்ளலாம். மறுநாள் சித்தன்னவாசல், அது ஒன்றுதான். காரில் வேண்டாம், டவுன் பஸ்ஸில் போவோம். பாப்பா ஜன்னல் ஓரம் உட்காரட்டும். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்று முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள் இருக்கின்றன, தலைமாட்டில் தலையணை போல மேடு விட்டுச் செதுக்கியது. ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது. அப்பாவால் இனி அங்கே ஏற முடியாது. நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறு. அப்பா கீழே அறிவர் கோயிலில் இருப்பார். பேத்தி இறங்கி வந்ததும் அவளைக் கருவறைக்குள் நிறுத்தி ஓம் இழுக்கச் சொல்லணும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அம்மா

பி.கு: பாப்பாவின் தோடு ஸ்வெட்டர் பைக்குள் கிடைத்தது என்று மருமகள் காலையில் போன் செய்தாள். தொலைந்த அன்றைக்கே திருக்கோகர்ணம் அரைக்காசு அம்மனை நினைத்து வெல்லம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பாப்பா கையால் கொடுக்கணும். வந்து இறங்கிய மறுநாள் சித்தன்னவாசல், அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் கோயில்.