சொல்லாமல் வரும் பரிசோதனையே வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகள் தங்கி வாழும் இல்லங்களுக்குச் சென்று, அவற்றைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். பெரும்பாலான காலம் திருகோணமலை மாவட்டத்திலேயே கழிந்தது. என் கையால் நிரப்பிய படிவங்களில் மிக அதிகமாக எழுதப்பட்ட சொல் ‘திருப்திகரம்’ என்பதாகும். படுக்கைகள் திருப்திகரம், சமையலறை திருப்திகரம், மலசலகூடம் திருப்திகரம், பதிவேடுகள் திருப்திகரம். அந்தச் சொல்லை எழுதிய இடங்களில் எத்தனை அதற்குத் தகுதியானவை என்று கேட்டால் இன்று என்னால் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் நான் வரப்போகும் நாளும் நேரமும் அந்த இல்லங்களுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருந்தன.

வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மாதம் தொடங்குவதற்கு முன்பே தமது பயண நிகழ்ச்சித் திட்டத்தைச் சமர்ப்பித்து அனுமதி பெற வேண்டும் என்பது அரச சேவையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த நடைமுறை. வாகனமும் பயணப்படியும் அதை வைத்தே கிடைக்கும். அலுவலகச் சுவரில் தொங்கும் அந்தத் தாளை யாரும் பார்க்கலாம். பார்த்தவர் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிடலாம். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. “நாளைக்கு மிஸ் வாறா, ஆயத்தமாக இருங்கோ” என்பது எங்கள் ஊரில் மரியாதையாகவே கருதப்படுகிறது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நாங்கள் துறையடியில் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நிற்போம். பாதை அக்கரை சேர்வதற்குள் கோவையோடு நிற்கும் உத்தியோகத்தரைப் பற்றிய செய்தி ஊருக்குள் போய்விடும். பாலம் வந்த பிறகு பயண நேரம் குறைந்ததே தவிர, செய்தி எங்களை முந்திச் செல்வது மாறவில்லை.

அறிவித்துவிட்டுச் செல்லும் நாளில் என்ன தெரியும் என்பதைச் சொல்கிறேன். கட்டில்களில் விரித்திருக்கும் விரிப்புகளில் கடையில் மடித்த மடிப்புக்கோடு அப்படியே இருக்கும். குளியலறையில் புதிய சவர்க்காரம் நனையாமல் இருக்கும். ஒரு தடவை வாசலருகே பளபளப்பான சக்கர நாற்காலி ஒன்று நின்றது. அன்பளிப்புச் செய்தவரின் பெயர்ப்பலகை முதுகுப்புறத்திலும், தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை கைப்பிடிகளிலும் இருந்தன. அதில் அமர்ந்திருந்த இளைஞரின் கால்கள் பாதப்பலகையை எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவருக்கு அளவெடுத்து வாங்கிய நாற்காலி அல்ல அது. கொடுத்தவர்கள் மீண்டும் பார்க்க வரும்போது புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் களஞ்சிய அறையில் பூட்டி வைத்திருந்ததை அன்று காலை எடுத்திருக்கிறார்கள். வழக்கமாக அவர் திண்ணையில் பாயில் கிடப்பவர் என்பதை நான் அறிந்துகொண்டது வெகுகாலத்துக்குப் பின்னரே. அன்றைய படிவத்தில் ‘சக்கர நாற்காலி உண்டா’ என்ற கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதினேன்.

அறிவிக்காமல் ஓர் இல்லத்துக்குள் நான் நுழைந்தது தற்செயலாகத்தான். வேறோர் அலுவலை முடித்துத் திரும்பும் வழியில் வாகனம் பழுதடைந்தது. நின்ற இடத்துக்கு அருகில் எனக்குப் பழக்கமான இல்லம் ஒன்று இருந்ததால், உதவி கேட்கலாம் என்று உள்ளே சென்றேன். அப்போது மாலை ஐந்தே முக்கால் மணி. முற்றத்தில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. உள்ளே இருபத்திரண்டு பேரும் கட்டில்களில் கிடந்தார்கள். மின்விளக்குகள் அணைக்கப்பட்டு, ஒரு கதவு வெளிப்பக்கமாகத் தாழிடப்பட்டிருந்தது. யன்னலோரக் கட்டிலில் கண்விழித்துக் கிடந்த ஒருவர் என்னைக் கண்டதும் தலையைத் தூக்கி, “மிஸ், விடிஞ்சிட்டுதோ?” என்று கேட்டார். என்னைக் காலை நேரத்தில் மட்டுமே பார்த்துப் பழகியவர் அவர்.

மேசையிலிருந்த மருந்துப் பதிவேட்டில் இரவு எட்டு மணிக்குரிய கட்டங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து இடப்பட்டிருந்தது. ஐந்து மணிக்கு இரவுச் சாப்பாட்டோடு மாத்திரைகளையும் கொடுத்துவிடுகிறார்கள். வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் காலை வேளைக்கும் இரவு வேளைக்கும் இடையிலான இடைவெளி மிக முக்கியமானது. ஐந்து மணிக்கு விழுங்கியவர் அடுத்த வேளைக்கு மறுநாள் காலை எட்டு மணி வரை, பதினைந்து மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். முள்ளந்தண்டில் காயமடைந்து தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். அங்கே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

அன்றிரவு பணியில் இருந்தவர் ஒரேயொரு பெண். என்னைவிட வயதில் மூத்தவர். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் அழத் தொடங்கிவிட்டார். “பகல் ஆக்கள் அஞ்சு மணிக்குப் போனா, தனிய நான் எப்பிடி மிஸ் ஒருத்தரைத் தூக்கிக் கட்டில்ல விடுறது? அவை போக முதல் எல்லாரையும் படுக்க வைக்கத்தானே வேணும்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. வளர்ந்த ஆள் ஒருவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். கதவைத் தாழிட்டதும் ஓர் அறையில் ஒருவருக்குத் துணி மாற்றும்போது மற்ற அறையிலிருந்து யாரும் வீதிக்கு இறங்கிவிடக் கூடாது என்ற பயத்தில்தான். அந்த அக்காவிடம் கொடுமை இருக்கவில்லை. சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத இன்னோர் இரவுப் பணியாளரின் வெற்றிடத்தை, இருபத்திரண்டு பேர் ஒவ்வொரு நாளும் பதின்மூன்று மணித்தியாலம் படுத்துக் கிடந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதே இல்லத்துக்குப் பகலில் பல தடவை சென்று, ஊழியர் எண்ணிக்கை போதுமானது என்று எழுதியவள் நான்.

கண்டதை அறிக்கையாக எழுதி அனுப்பினேன். அது சென்ற இடத்திலிருந்து எனக்கு வந்த ஒரேயொரு கேள்வி, அன்றைய தினம் அந்த இல்லம் எனது பயண நிகழ்ச்சித் திட்டத்தில் இல்லையே, எவ்வாறு சென்றீர்கள் என்பதாகும்.

நேரத்தைப் போலவே மொழியும் எங்களைத் தோற்கடித்திருக்கிறது. தமிழும் சிங்களமும் பேசப்படும் மாவட்டம் இது. குடியிருப்பாளரின் மொழி தெரியாத உத்தியோகத்தர், இல்லத்தின் ஊழியரையே இடையில் வைத்துப் பேசுகிறார். சைகையால் பேசுபவர்களின் நிலைமை இதைவிட மோசமானது. காது கேளாத, பள்ளிக்கூடம் போகாத ஒருவர் ஒவ்வொரு தடவையும் என்னைக் கண்டதும் அருகில் வந்து, ஒரு மணிக்கட்டின்மேல் மற்ற மணிக்கட்டை வைத்து இரண்டு தரம் தட்டிக் காட்டுவார். “மணிக்கூடு கேக்கிறார் மிஸ்” என்று பக்கத்தில் நின்ற ஊழியர் சொன்னார். நானும் நம்பினேன், தேவைகள் என்ற பகுதியில் கைக்கடிகாரம் என்று குறித்துக்கொண்டேன். மாதங்கள் கழித்து, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரிடம் வேறு பேச்சினிடையே அந்தச் சைகையைச் செய்து காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “கையைக் கட்டுகினம் எண்டு சொல்லியிருக்கலாம், நீங்கள் திரும்பப் போய்ப் பாருங்கோ” என்றார். நான் திரும்பிச் சென்றபோது அவரை உறவினர்கள் அழைத்துச் சென்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் சொல்ல வந்தது எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் ஒரு தடவைகூட எனக்கு வரவில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஏற்று உறுதிப்படுத்தியது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சேவை வழங்கும் எல்லா நிலையங்களும் சுயாதீனமான அதிகாரிகளால் பயனுள்ள முறையில் கண்காணிக்கப்பட வேண்டும் என்று அதன் 16ஆம் உறுப்புரை கூறுகிறது. ‘சுயாதீனமான’, ‘பயனுள்ள’ ஆகிய இரண்டு சொற்களையும் எமது நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பொறுப்பிலிருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சமூக சேவைகள் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் மாகாணங்களுக்கு வழங்கப்பட்ட விடயம். கிழக்கு மாகாண சபையின் தலைமையிடமோ திருகோணமலை. ஆகவே இந்த நடைமுறையை மாற்றத் தொடங்குவதற்கு நாம் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

அயர்லாந்தில் 2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் இத்தகைய இல்லங்கள் யாவும் பதிவு செய்யப்பட்டு, தனியான அதிகாரசபை ஒன்றினால் பரிசோதிக்கப்படுகின்றன. முன்னறிவித்தலின்றியும் செல்கிறார்கள், அறிக்கைகளை யாரும் வாசிக்கக்கூடியவாறு வெளியிடுகிறார்கள். செல்வமுள்ள நாடு, அவர்களால் முடியும் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லாமல் செல்வதற்கு மேலதிகச் செலவு எதுவும் இல்லை. பணம் மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் பிறிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த வின்டர்போர்ன் வியூ நிலையம் சாட்சி. அங்கு பணியாற்றிய ஒருவர் பரிசோதனை அதிகாரிகளை எச்சரித்தும் எதுவும் நடக்கவில்லை. 2011ஆம் ஆண்டு மறைவான ஒளிப்பதிவுக் கருவியோடு பத்திரிகையாளர் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து எடுத்த காட்சிகள் ஒளிபரப்பான பின்னரே, அங்கிருந்தவர்கள் கொடுமைப்படுத்தப்பட்ட உண்மை வெளிவந்தது. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

எங்கள் பகுதியில் எழும் முதலாவது ஆட்சேபம் எனக்குத் தெரியும். இந்த இல்லங்களிற் பல, அரசு செய்யாததைச் சமய நிறுவனங்களும் தனிப்பட்ட நல்லுள்ளங்களும் செய்ய முன்வந்ததால் உருவானவை. 2006ஆம் ஆண்டு மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோது, தூக்கிச் செல்ல முடியாத உறவினரை எங்காவது பாதுகாப்பாக விட்டுச் செல்ல வேண்டியிருந்த குடும்பங்களின் வேதனையை நேரில் கண்டவர்களுக்கு, ஓர் இல்லத்தின் கதவு திறந்திருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று புரியும். கெடுபிடி செய்தால் மூடிவிடுவார்கள், மூடினால் இவர்கள் எங்கே போவார்கள் என்ற அந்தக் கேள்விதான் பல அறிக்கைகளில் என் பேனாவையும் பிடித்து நிறுத்தியது. ஆனால் அந்த இரவுப் பணியாளருக்கு வேண்டியிருந்தது தண்டனை அல்ல, இன்னோர் ஆள். ‘திருப்திகரம்’ என்று நான் எழுதிய ஒவ்வொரு தடவையும், அந்த இன்னோர் ஆளுக்கான நிதியைக் கேட்பதற்கு இல்லத்திடம் இருந்திருக்கக்கூடிய ஒரே சான்றையும் நான் இல்லாமற் செய்தேன்.

எனவே, இல்லப் பரிசோதனைகளைப் பயண நிகழ்ச்சித் திட்டத்தில் இடத்தின் பெயரைக் குறிப்பிடாமல் அனுமதிக்கும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும். ஆண்டில் ஒரு தடவையாவது மாலை ஆறு மணிக்குப் பிறகும், ஒரு தடவை விடியும் முன்பும், விடுமுறை நாளொன்றிலும் செல்ல வேண்டும். குடியிருப்பாளரோடு ஊழியர் இல்லாத இடத்தில், அவரது மொழியிலோ அவரது சைகையிலோ, இல்லத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பேச வேண்டும். நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள், உங்கள் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன, நீங்கள் அணிந்திருக்கும் சட்டை உங்களுடையதா ஆகிய கேள்விகள் படிவத்தில் இடம்பெற வேண்டும். கட்டில்களை எண்ணுவதைவிட இவை பெறுமதியானவை. அறிக்கையின் பிரதி குடியிருப்பாளர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டு, தனிப்பட்ட விபரங்கள் நீக்கப்பட்ட பின் பொதுமக்களும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், இதைப் புதிய கோரிக்கை என்று சொல்ல முடியாது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர் ஏதோவொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்பவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தத்தம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எமது மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் உள்ள இல்லங்களை, மனம் வைத்தால், சில வாரங்களுக்குள் சென்று பார்த்து முடித்துவிடலாம்.

அந்தக் காது கேளாத மனிதரின் கோவையில் ‘கைக்கடிகாரம் தேவை’ என்ற வரி, என் கையொப்பத்தோடு, இன்னும் இருக்கும். அதைத் திருத்தும் அதிகாரம் ஓய்வுபெற்ற எனக்கு இல்லை. அவரை அழைத்துச் சென்ற உறவினர்கள் இக்கடிதத்தை வாசிக்க நேர்ந்தால், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதையும், அந்தச் சைகையால் எதைச் சொல்ல வந்தார் என்பதையும் தங்கள் பத்திரிகையின் ஊடாக எனக்குத் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதனை உத்தியோகத்தர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.